எழுதியவர் போன பிறகு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் நெடுஞ்சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்துக்குள், திருச்சிற்றம்பலம் என்ற ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் அங்கேதான் திறக்கப்பட்டது. தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி, 63,000 சதுர அடி, 31 கோடி ரூபாய் செலவு. சென்னைத் தரமணியில் 2000-ஆம் ஆண்டு வந்த டைடல் பூங்காவின் பக்கத்தில் நிறுத்தினால் இது குழந்தை. ஆனால் பி.இ. முடித்த கையோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவதே வழக்கமாகிவிட்ட ஒரு வட்டாரத்தில், வேலை எதிர்த்திசையில் வந்து இறங்குவது சின்ன விஷயமில்லை.

தமிழ்நாட்டில் ஒரு பல மாடிக் கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் வரைபடத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் என்று வகை பிரித்துச் சொல்கின்றன. தூணில் விரிசல் விட்டால் யாரைத் தேடிப் போவது என்பது காகிதத்தில் இருக்கும். அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து எழுதப்படும் மென்பொருளுக்கு அப்படி ஒரு கையெழுத்தும் கிடையாது. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு, மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் உண்டு. தவறு செய்தால் பெயரை நீக்கவும் அவற்றால் முடியும். மென்பொருள் பொறியாளர் என்ற பட்டத்தைத் தருவது வேலை நியமனக் கடிதம் மட்டுமே. நிறுவனம் நினைத்தால் அடுத்த மாதமே ‘மூத்த’ என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிடும். இந்தியாவில் அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை.

அப்படியானால் இவர்கள் எந்த வகையில் பொறியாளர்கள்? இந்தக் கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

1968 பிப்ரவரி 28 அன்று, இதே வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 முதல் 11 வரை, ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலையூரில், 11 நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கணினிக்காரர்கள் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடினார்கள். கூட்டத்தின் தலைப்பு ‘மென்பொருள் பொறியியல்’. டாடா கன்சல்டன்சி பம்பாயில் பிறந்ததும் அதே 1968-இல்தான். இந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. பின்னாளில் மூன்றும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையில் வந்து கலந்தன என்பது தற்செயல். 1980-களில் ஆரோவில்லின் ஆரெலெக் நிறுவனம் தனிக்கணினிகளைத் தயாரித்து வெளியே விற்றது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். வானூர் வட்டத்துக்குக் கணினி நேற்று வந்ததில்லை.

கார்மிஷில் கூடியவர்களுக்கு அந்தப் பெயர்மீதே முழு நம்பிக்கை இல்லை. பீட்டர் நாவரும் பிரையன் ராண்டலும் தொகுத்த மாநாட்டு அறிக்கை, சீண்டுவதற்காகவே அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததாக ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. மற்ற பொறியியல் துறைகளுக்கு இருப்பது போன்ற கோட்பாட்டு அடித்தளமும் நடைமுறைக் கட்டுப்பாடும் மென்பொருளுக்கும் வேண்டும். இப்போது அது இல்லை. இல்லாததைச் சுட்டிக்காட்டத்தான் இந்தப் பெயர். அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டனும் தன் பங்குக்கு அதே சொல்லைப் பயன்படுத்தி வந்தார். வன்பொருள் ஆட்களுக்குக் கிடைத்த மரியாதை தன் குழுவுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சக ஊழியர்கள் முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்களாம்.

இப்படிச் சீண்டிப் பெயர் வைக்கும் அளவுக்கு என்ன நெருக்கடி வந்தது? இயந்திரங்கள் வேகமாக வளர்ந்தன, அவற்றுக்கான நிரல்கள் அதைவிட வேகமாகப் பெருத்தன, மனிதர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். ஒருவர் தலைக்குள் அடங்கும் நிரலை எழுதுவது ஒரு திறமை. ஆயிரம் பேர் சேர்ந்து, ஒருவருக்கும் முழுதாகப் புரியாத ஒன்றை எழுதுவது முற்றிலும் வேறு வேலை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் அந்த அனுபவத்தை 1975-இல் புத்தகமாக எழுதினார். தாமதமாகிவிட்ட திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் பெயர்பெற்ற முடிவு. கணக்கு எளியது. 5 பேர் இருக்கும் குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைப்புகள் 10. 50 பேர் ஆனால் 1,225. ஆள் பத்து மடங்கு கூடினால் பேச்சு நூறு மடங்குக்கும் மேல் கூடுகிறது. புதியவர்களுக்குச் சொல்லித்தருவதும் பழையவர்களின் நேரத்தில்தான். இதை எல்லா மேலாளர்களும் படித்திருக்கிறார்கள். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆள்தொகையைவிட எனக்குச் சுவையாகப் படுவது காலம். இதற்கு விழுப்புரம் ஜங்ஷன் முன்பதிவுக் கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கெல்லாம் பழக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது.

இந்திய ரயில்வேயில் கணினி முன்பதிவு 1985-இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கியது. பிறகு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களாகி, 1999-இல் நாடு முழுவதும் ஒரே வலையாக இணைந்தது. ஒரு படுக்கையை விற்பது சினிமா டிக்கெட் விற்பது மாதிரி இல்லை. எழும்பூரிலிருந்து மதுரை போகும் இரவு ரயிலில் ஒரே படுக்கையை எழும்பூர் முதல் விழுப்புரம் வரை ஒருவருக்கும், விழுப்புரம் முதல் மதுரை வரை இன்னொருவருக்கும் விற்கலாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒதுக்கீடு, பெண்களுக்கு, மூத்தோருக்கு, தட்கலுக்குத் தனித்தனி ஒதுக்கீடு, பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிரும் ஆர்.ஏ.சி., அதற்குப் பின்னால் காத்திருப்போர் பட்டியல். ஒருவர் ரத்து செய்தால் வரிசை முழுவதும் நகர வேண்டும்; அதே நொடியில் பல ஊர்களில் பல ஆயிரம் பேர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை சிக்கலிலும் ஓர் எளிய எண்ணை மட்டும் பார்ப்போம். பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு டிக்கெட் எடுக்கலாம்? 2013 மே மாதம் அது 120-இலிருந்து 60 ஆனது. 2015 ஏப்ரலில் மறுபடி 120. 2024 நவம்பர் 1 முதல் திரும்பவும் 60. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு உள்ள 365 நாள் அப்படியே இருந்தது. சில பகல்நேர ரயில்களுக்கு ஏற்கெனவே குறைவான வரம்பு, அவற்றையும் தொடவில்லை.

இப்படி ஓர் அமைப்புக்கு நிரல் எழுதும் புதிய ஊழியர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். எங்கெல்லாம் தேதியைச் சரிபார்க்க வேண்டுமோ அங்கெல்லாம் 120 என்று நேராக எழுதிவிட்டார். நிரல் ஓடும். சோதனையில் தேறும். ஆண்டுகள் கழித்து விதி மாறும்போது இன்னொருவர் உட்கார்ந்து 120 என்ற எண்ணைத் தேடுவார். இருநூறு இடத்தில் கிடைக்கும். அவற்றில் எது முன்பதிவு வரம்பு, எது ஏதோ ஒரு கட்டணம், எது பெட்டி ஒன்றின் இருக்கை எண்ணிக்கை? எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

சரி, எண்ணை ஒரே இடத்தில் வைத்திருந்தார் என்றே கொள்வோம். அப்போதும் வேலை முடியாது. 2024 அக்டோபர் 31 அன்று 120 நாள் தள்ளி, அதாவது 2025 பிப்ரவரி 28 வரை டிக்கெட் எடுக்கலாம். மறுநாள் காலை எல்லை டிசம்பர் 31-க்குச் சுருங்கிவிட்டது. இடையில் இருக்கும் ஜனவரியும் பிப்ரவரியும் என்ன ஆவது? பொங்கல் அங்கேதான் வருகிறது; டிக்கெட் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. எடுத்த டிக்கெட் செல்லும், ரத்தும் செய்யலாம் என்று ரயில்வே அறிவித்தது. ஆக, அந்த நாள்களின் ரயில்கள் விற்பனைக்கு மூடியும் ரத்துக்குத் திறந்தும் இருக்கும் ஒரு விசித்திர நிலைக்கு வந்தன. ‘இன்னும் திறக்காத நாளில் டிக்கெட்டே இருக்காது’ என்று நிரலின் ஏதோ ஒரு மூலையில் யாராவது நம்பி எழுதியிருந்தால், அந்த நம்பிக்கை அன்று காலை பொய்யாகும். பிழை எண்ணில் இருக்காது. எழுதாமல் விட்ட அனுமானத்தில் இருக்கும்.

டேவிட் பார்னாஸ் 1972-இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரை இதைத்தான் பேசியது. நிரலைத் துண்டுகளாக, மாட்யூல்களாகப் பிரிக்க வேண்டும் என்பதில் அப்போதும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கோட்டில் பிரிப்பது? முதலில் உள்ளீடு, பிறகு கணக்கு, பிறகு அச்சு என்று வேலை நடக்கும் வரிசையில் பிரிப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். பார்னாஸ் அதை மறுத்தார். எது மாறக்கூடும் என்று முதலில் பட்டியல் போடு. மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை. வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியவே வேண்டாம். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதை அறிவுரையாகக் கேட்டால் சாதாரணமாக இருக்கும். செயல்படுத்தப் போனால், இன்று எழுதும் ஒருவர் பத்து ஆண்டுகள் கழித்து ரயில்வே வாரியம் எதை மாற்றும் என்று இப்போதே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

வானூர் வட்டத்தின் திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து மண்ணில் புதைந்த மரங்கள். நீரில் கரைந்து வந்த சிலிக்கா, மரத்தின் திசுக்களுக்குள் நுழைந்து, அது இருந்த இடத்தைச் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டது. உள்ளே மரம் துளியும் இல்லை, எல்லாம் கல். ஆனால் மரத்தின் வரியும் வளையமும் கணுவும் அப்படியே இருப்பதால் பார்ப்பவர் மரம் என்றுதான் சொல்வார். பார்னாஸ் சொன்னபடி நன்றாகப் பிரித்துக் கட்டிய மென்பொருளை இப்படித்தான் உயிரோடு மாற்றுகிறார்கள். ஃபோர்ட்ரானில் எழுதிய பகுதியை எடுத்துவிட்டு சி மொழியில் எழுதியதை வைப்பார்கள், தரவுத்தளத்தை மாற்றுவார்கள், இயந்திரத்தையே மாற்றுவார்கள். கவுன்ட்டருக்கு வெளியே படிவத்தோடு நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வித்தியாசம்: சிலிக்காவுக்கு 2 கோடி ஆண்டு அவகாசம் இருந்தது.

வகுப்பறையில் இது எப்படிக் கற்பிக்கப்படுகிறது? அண்ணா பல்கலைக்கழகம் 2008-இல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கியது. மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் அரசுப் பல்கலைக்கழகமே நடத்தும் பி.இ. அப்போது கிடைத்தது. அந்தப் பாடத்திட்டத்தில் மென்பொருள் பொறியியல் என்பது நெடுங்காலம் ஒரு செமஸ்டரின் ஒரு தாள். வேலூர் வி.ஐ.டி.யில் அதே பெயரில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பே உண்டு, அது விதிவிலக்கு. மற்ற இடங்களில் பிரெஸ்மன் அல்லது சோமர்வில் எழுதிய தடித்த புத்தகம், ஐந்து யூனிட், நீண்ட விடைக் கேள்வி. ‘அருவி மாதிரியை விளக்குக’ என்ற கேள்வி வராத ஆண்டு அபூர்வம். தேவைகளைக் கேள், வடிவமை, எழுது, சோதி, ஒப்படை என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டால் மார்க் விழும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் படத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரை. அதில் ‘அருவி’ என்ற சொல்லே கிடையாது. நேராகக் கீழிறங்கும் படத்தை வரைந்த ராய்ஸ், அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில்தான் முடியும் என்று உடனே எச்சரித்துவிட்டு, மிச்சப் பக்கங்களில் அதை எப்படித் திருத்துவது என்று விளக்கினார். உலகம் முதல் படத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு துறை தன் மூலக் கட்டுரையையே முழுக்கப் படிக்காமல் பாடமாக்கியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆசிரியர்கள் மேல் பழி போட்டுப் பயனில்லை. மென்பொருள் பொறியியலின் முதன்மையான பாடுபொருள் காலம். செமஸ்டருக்குள் காலத்தை அடைக்க முடியாது. கட்டுமானப் பொறியியல் மாணவர் கான்கிரீட் கட்டியை ஆய்வகத்தில் 28 நாள் நீரில் ஊறவைத்து நசுக்கிப் பார்க்கலாம். ஏழு ஆண்டுப் பழைய நிரலை, நாலு கை மாறிய நிரலை, எந்த ஆய்வகத்தில் பார்ப்பது? இறுதியாண்டுத் திட்டம் என்பது மூன்று நான்கு பேர் சேர்ந்து எழுதி, வைவா அன்று ஒருமுறை ஓடி, மறுநாள் இறந்துபோகும் நிரல். அதையும் சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள ‘ப்ராஜெக்ட் சென்டர்’களில் காசு கொடுத்து வாங்கிவிடும் வழக்கம் ஊரறிந்தது. அப்படி வாங்கியவர் ஒரு வகையில் தொழிலின் உண்மை நிலைமைக்கு அருகில் இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்: முன்பின் தெரியாத யாரோ எழுதியதை வைத்துக்கொண்டு விழிப்பதுதான் முதல் வேலையில் அவருக்குக் காத்திருப்பது. விழிப்பதோடு நிற்காமல் அதைத் திருத்தச் சொல்லியிருந்தால் அதுவே நல்ல படிப்பாக இருந்திருக்கும்.

எழுதியவர் போன பிறகு என்ன ஆகும் என்பதற்குத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை தெராக்-25. கனடாவில் செய்த புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் அதனால் இறந்தார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டியது. இயக்குபவர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டி, சில நொடிகளில் வேகமாகத் திருத்தினால், திரை திருத்தத்தைக் காட்டும். இயந்திரத்தின் உள்பகுதி அதைக் கவனிக்காது. நிரலின் பகுதிகள் இதற்கு முந்தைய மாடல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை. முந்தைய தெராக்-20 மாடலிலும் அதே பிழை இருந்தது. ஆனால் அதில் மின்சுற்றிலேயே தனிப் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போகுமே தவிர ஆளுக்கு ஒன்றும் ஆகாது. புதிய மாடலில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். பெரும்பாலும் ஒரே ஆள் எழுதிய நிரல் அது. அவரும் 1986-இல் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் உரிமம் ஒரு தீர்வா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1998-இல் மென்பொருள் பொறியியலை உரிமத்துக்குரிய துறையாக ஏற்றது. கணினி அறிவியலாளர்களின் முதன்மைச் சங்கமான ஏ.சி.எம். அந்த முயற்சியிலிருந்து ஒதுங்கிக்கொண்டது: இதுதான் தரம் என்று ஓர் உரிமம் வரையறுக்கும் அளவுக்கு நம் அறிவு இன்னும் முதிரவில்லை என்பது அதன் வாதம். தேசிய அளவிலான உரிமத் தேர்வு 2013-இல் வந்தது. ஐந்து முறை நடந்தது. மொத்தம் எழுதியவர்கள் 81 பேர். 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தியா வேறு வழியில் போனது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் உருவான மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில், வாட்ஸ் ஹம்ஃப்ரி வகுத்த முதிர்ச்சி அளவுகோல் ஒன்று இருந்தது, சி.எம்.எம். என்று சொன்னார்கள், ஐந்து படிகள். 1990-களில் பெங்களூரின் மோட்டோரோலா கிளை உச்சப் படியைத் தொட, மற்ற நிறுவனங்கள் வரிசை கட்டின. நூற்றாண்டு திரும்பும்போது, உலகில் ஐந்தாம் படி ஏறிய நிறுவனங்களில் பெரும் பங்கு இந்தியாவில்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற ஒய்2கே பயத்தில் வெளிநாட்டு வங்கிகளின் பழைய கோபால் (COBOL) மொழி நிரல்களைத் திருத்தும் வேலை குவிந்ததும் அதே சமயம். யாரோ எழுதியதைத் திருத்தும் வேலைக்கு ஒழுங்கான செயல்முறை வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது என்று காட்டச் சான்றிதழ் வேண்டும். ஆனால் சி.எம்.எம். சான்றிதழ் நிறுவனத்துக்கானது. அது வரவேற்பறைச் சுவரில் தொங்கும். வேலை மாறிப் போகும் ஊழியர் அதைக் கையோடு கொண்டுபோக முடியாது. அவரிடம் எதற்கும் பொறுப்புக் கேட்கவும் முடியாது.

பழையதைத் திருத்துவதை ‘மெயின்டனன்ஸ்’ என்று சொல்லி முகம் சுளிப்பது நம் ஊர் வழக்கம். புதிதாக எழுதும் திட்டத்தில் போட்டால் இனிப்பு வாங்கித் தருவார்கள். பராமரிப்பில் போட்டால் ரெஸ்யூமே தயாராகும். லியன்ட்ஸும் ஸ்வான்சனும் 1970-களின் இறுதியில் 487 நிறுவனங்களைக் கேட்டு எழுதியதைப் படித்தால் இந்தச் சுளிப்பு குறையலாம். பராமரிப்பு என்ற பெயரில் போன உழைப்பில் பிழை திருத்தியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பாதிக்கும் மேல் நிரலை மேம்படுத்துவதில் போனது; அதில் பெரும்பகுதி, பயனர்கள் இன்னும் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதைச் செய்தது. மெயர் லேமன் அதே காலத்தில் இதை விதியாகவே எழுதினார்: உலகத்தில் புழங்கும் நிரல் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், மாற மாறச் சிக்கலாகும், சிக்கலைக் குறைக்க யாராவது தனியாக மெனக்கெட வேண்டும். செயற்கை நுண்ணறிவு நொடியில் பக்கம் பக்கமாக நிரல் எழுதித்தரும் இந்த ஆண்டுகளில் இந்த விதி இன்னும் இறுகியிருக்கிறது. எழுதுவது மலிவாகிவிட்டது, எழுதியதைப் படித்து, இது ஏன் இப்படி என்று கேட்டு, மாற்றினால் எது உடையும் என்று சொல்ல அதே பழைய ஆள்தான் வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளுக்குச் செலவில்லாத யோசனை ஒன்று உண்டு. இறுதியாண்டுத் திட்டத்தைப் புதிதாகத் தொடங்க விடாமல், போன ஆண்டு மாணவர்கள் விட்டுப்போன நிரலைக் கொடுத்துவிடலாம். கல்லூரி பஸ் பாஸோ விடுதி மெஸ் கணக்கோ, ஊரில் உண்மையாகவே யாராவது பயன்படுத்துவதாக இருக்கட்டும். வைவாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு விதியை மாற்றிவிட வேண்டும், 120-ஐ 60 ஆக்கிய மாதிரி. ஏற்கெனவே பாஸ் வாங்கியவர்களுக்குப் பழைய விதியே செல்லும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்பி தங்கைகள் இரண்டு நாளில் மாற்றி முடித்தால் மார்க் அவர்களுக்கு மட்டும் போகக் கூடாது, எழுதிவைத்த அண்ணன் அக்காமார்களுக்கும் போக வேண்டும். அதில்தான் பல்கலைக்கழக விதி இடிக்கும்: அவர்கள் அதற்குள் டிகிரி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.